பட்டுக்கூடு படுத்த கட்டில்

தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடிக்குப் பின்தெருவில் ஹமீதுன்னிசா அறை கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, முதலில் வாங்கியது கட்டில்களைத்தான். வருகிறவர் யார், எதற்கு வருகிறார், என்னத்தைக் கொண்டு வருகிறார் என்றெல்லாம் யோசிப்பதற்கு முன்பே இரும்புச் சட்டத்தில் நாடா பின்னிய கட்டில்கள் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் பூப்போட்ட விரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கப்போகிறார்கள் என்று நினைத்துத் தெருவே எட்டிப் பார்த்தது.

அது எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசி. அவள் கணவர் தஸ்தகீர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அந்த வருஷ ஆரம்பத்திலேயே மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளை குட்டி இல்லை. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்த மறுநாளே வாணியம்பாடியிலிருந்து அண்ணன் முகம்மது கவுஸ் வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கடையை விற்றுவிட்டுத் தங்கையைத் தன் வீட்டோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

கவுஸ் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் ஹமீதுன்னிசாவுக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு ஞாபகம் இருந்தது. அவர்களுடைய அத்தை அஸ்கரி பேகம் புருஷனை இழந்து வந்து அங்கேதான் காலம் முழுக்க இருந்தாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. வேளா வேளைக்குச் சோறும் உண்டு. ஆனாலும் தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் வீட்டுப் பெண்களின் முகம் பார்த்துத்தான் கேட்பாள். சமையலறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே சுருண்டு படுப்பாள். அத்தை காலை நீட்டிப் படுத்து ஹமீதுன்னிசா ஒரு நாளும் பார்த்ததில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனால் நமக்கும் அதே மூலைதான் என்று அவள் வேனில் ஏற மறுத்துவிட்டாள்.

அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் கடையை விற்ற பணத்தில் அங்காடித் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி அறை அறையாகத் தடுத்தாள். வெளியூரிலிருந்து பட்டு வியாபாரிகள் வருகிறார்களே, அவர்கள் தங்க இடம் வேண்டாமா என்பது அவள் கணக்கு. கவுஸ் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

"அடுத்த பக்ரீது வரைக்கும் பாரு ஹமீதா. ஓடலேன்னா பேசாம வித்துட்டு என்னோட வந்துடணும். குடோனுக்கு எடம் கேட்டு ஒரு ஆளு இருக்கான்."

"சரி, பாய்ஜான்" என்று அவளும் சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பம் இல்லை அவர்களுடையது.

வியாபாரிகள் வந்தார்கள். பெட்டியோடு வந்தார்கள், நெற்றியைச் சுருக்கி அறையைப் பார்த்தார்கள், டெலிபோன் இருக்கா என்று கேட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். விவசாயிகளும் வந்தார்கள். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் மறுநாள் ஏலத்துக்குக் கூடு கொண்டுவந்து, விடிகிற வரைக்கும் ரோட்டோரத்தில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறவர்கள். அவர்களுக்குத்தான் கூரை வேண்டும். ஆனால் ஹமீதுன்னிசா வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தாளே! 'சுத்தமான அறைகள். மூட்டைகளுக்கு அனுமதி இல்லை.' பட்டுக்கூட்டின் வாடை அவள் மூக்குக்கு ஆகாது. விரிப்பிலும் மெத்தையிலும் அது ஏறிவிட்டால் பெரிய மனிதர்கள் யார் வந்து படுப்பார்கள் என்று பயம். பட்டுக்கூடு அங்காடிக்குப் பக்கத்தில் அறை கட்டி, பட்டுக்கூட்டை உள்ளே விடமாட்டேன் என்று சொன்ன புத்திசாலி இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான்.

மாதங்கள் போயின. ரம்ஜான் நெருங்கியது, அதற்குப் பின்னால் பக்ரீது நின்றது. மெத்தைகளைத் தினமும் தட்டிப் போடுவாள். தட்டும்போதே கண் கலங்கிவிடும்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் இரண்டு பெரிய துணிமூட்டைகளை மூடிப் பிடித்தபடி ஒரு பெண் வாசலில் வந்து ஒதுங்கினாள். காரிமங்கலம் பக்கத்து ஊர்க்காரி, பெயர் ராணியம்மாள். புருஷனுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால், தான் வளர்த்த பட்டுக்கூட்டைத் தானே விற்க வந்தவள். மூட்டையைப் பஸ் கூரையில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டரோடு சண்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பாயம்மா, ஒரு ராத்திரிக்கு எடம் குடுங்க. பொம்பள ஆளு, ரோட்டுல எங்க படுப்பேன்?"

"தாராளமா வாங்க. மூட்டைய மட்டும் அந்தத் தாவாரத்துல வெச்சுடுங்க."

"அது வெளிய நின்னா நானும் வெளியதாங்க நிக்கணும்."

மழையில் ஒரு பெண்ணை நிறுத்தி வைக்க ஹமீதுன்னிசாவுக்கு மனசு வரவில்லை. மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள்.

காலையில் டீயோடு போய்ப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. அறையின் இரண்டு கட்டில் மெத்தைகளும் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தன. கட்டில் நாடாவின் மேல் பூப்போட்ட விரிப்பு, அதன் மேல் வெள்ளை வெளேரென்று பட்டுக்கூடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சீராகப் பரப்பியிருந்தது. ஜன்னல் இரண்டும் அகலத் திறந்திருந்தன. ராணியம்மாள் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள்.

"என்னாங்க இது அநியாயம்! கட்டில் ஆளுக்கு வாங்கினது!"

ராணியம்மாள் பதறி எழுந்தாள். "கோச்சுக்காதீங்க பாயம்மா. நான் கீழ படுத்தா எனக்கு ஒண்ணும் ஆவாது. இது மூட்டையிலயே கெடந்தா புழுங்கி வேர்த்துரும். கறை கட்டிக்கும். வாங்கறவன் கையில எடுத்துப் பாத்துட்டு ஒதுக்கிருவான். இத்தினி நாளு புழுவுக்குத் தழை போட்டுக் கண்ணு முழிச்சதெல்லாம் போயிரும். கட்டிலப் பாத்தேன், கீழயும் காத்து போவுது, மேலயும் காத்து போவுது. கையி சும்மா இருக்க மாட்டேன்னுது."

ஒரு கூட்டை எடுத்து ஹமீதுன்னிசாவின் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. "இந்தச் சத்தம் வந்தாத்தான் நல்லாக் காஞ்ச கூடு."

ஹமீதுன்னிசா டீயை ஜன்னல் திட்டில் வைத்தாள். விரிப்பு போனது போனதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் மத்தியானம் ஏலம் முடிந்து ராணியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டபோது, கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அடுத்த தரம் எங்க ஊராளுங்களையும் கூட்டியாரேன் பாயம்மா. கட்டில மட்டும் எடுத்துராதீங்க."

அன்று முழுக்க ஹமீதுன்னிசா வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக யாருக்காகவோ மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தோமே என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டுக்கு விருந்தாளி மனிதன் இல்லை, பட்டுக்கூடு. மனிதன் அதற்குத் துணைக்கு வருகிறவன். இது புரிந்த பிறகு வேலை மடமடவென்று நடந்தது.

மெத்தைகளில் ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றாள். சுவர்களை உடைத்து இன்னும் ஜன்னல் வைத்தாள். கட்டிலுக்கு மேலே மூங்கில் தட்டு அடுக்கக் கம்பு கட்டினாள். கூட்டுக்குள் இருக்கும் புழு என்றால் எலிக்கு உயிர் என்று கேள்விப்பட்டு இரண்டு பூனைகளைக் கொண்டுவந்து விட்டாள். வாசல் பலகையை அழித்து வேறு எழுத வைத்தாள். 'பட்டுக்கூட்டுக்குக் காற்றோட்டமான கட்டில். கொண்டுவருபவரும் தங்கலாம்.' எழுதிய பெயிண்டர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதினார்.

தெரு சிரித்தது. பாயம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுகூடப் பேச்சு அடிபட்டது. ஆனால் காரிமங்கலம் சந்தையில் ராணியம்மாள் தன் வாயாலேயே தமுக்கு அடித்துவிட்டிருந்தாள். ஆடி முடிவதற்குள் அறைகள் நிறைய ஆரம்பித்தன. வாடைதான் முதலில் குமட்டியது. போகப்போக, அந்த வாடை இல்லாத நாளில்தான் அவளுக்கு மனசு திக்கென்றது.

பக்ரீதுக்கு முந்தின வாரம் முகம்மது கவுஸ் வந்து இறங்கினார். போன தடவை வந்த அதே வேன். சாமான் ஏற்றக் கயிறுகூடக் கொண்டு வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே நுழைந்து, மூக்கைச் சுளித்து, களைப்பில் பக்கத்துக் கட்டிலில் தொப்பென்று உட்காரப் போனார்.

"பாய்! பாய்! உக்காராதீங்க!" என்று அறைக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. கவுஸ் துள்ளி நிமிர்ந்தார். கட்டில் முழுக்கக் கூடு. அடுத்த கட்டிலிலும் கூடு. எட்டிப் பார்த்த அறையெல்லாம் கட்டில் மேல் கூடும், கீழே பாயில் ஆட்களுமாக இருந்தது.

"என்னா ஹமீதா இது? உக்கார ஒரு எடமில்லியா?"

"அது வாடகை குடுத்த கட்டில், பாய்ஜான். அதுல யாரும் உக்காரக் கூடாது" என்று சொல்லி அவள் பாயை விரித்துப்போட்டாள்.

கவுஸ் மெதுவாக வீட்டைச் சுற்றி வந்தார். தங்கையின் சொந்த அறையிலும் எட்டிப் பார்த்தார். அங்கேயும் கட்டில் மேல் கூடு பரப்பியிருந்தது. முந்தின பஸ்ஸில் வந்த பெண் ஒருத்திக்கு அதையும் விட்டுக்கொடுத்திருந்தாள். சுவரோரம் தரையில் அந்த ஒற்றை மெத்தை விரித்திருந்தது. கவுஸ் குனிந்து அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்.

"தரையிலயா படுத்துக்கறே? என் வூட்டுல உனக்கு இந்தக் கதி வருமா?"

ஹமீதுன்னிசாவுக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. அண்ணனிடம் அதைச் சொல்ல முடியாது, சொன்னால் தாங்கமாட்டார்.

"கீழதான் படுக்கறேன். ஆனா கால நல்லா நீட்டிப் படுக்கறேன் பாய்ஜான். இது என் வூடு. நான் ரொம்ப சந்தோசமா இருக்கறேன்" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

கவுஸ் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீ குடித்தார். பூனை ஒன்று வந்து அவர் முழங்காலில் உரசியது.

"அந்தக் குடோன்காரன் நாளைக்கு எடத்தப் பாக்க வர்றேன்னான். அவன்கிட்ட என்னான்னு சொல்றது?"

ஹமீதுன்னிசா வாசலைப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸின் ஆட்கள் தலையில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"மூட்டையோட வரச் சொல்லுங்க" என்றாள். "வெறுங்கையோட வர்ற ஆளுக்கு இங்க எடமில்ல."