கீரை அலசிய தண்ணீர்

திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வாசலில் அந்த அம்மாவைப் பார்த்து இருபது வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் வேலை. புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. எங்கே தண்ணீர் சிந்தினாலும் அங்கே ஒரு பிளாஸ்டிக் பேசினை நகர்த்தி வைப்பார்.

குழந்தைகளுக்குச் சத்தான சாப்பாடு எப்படிச் செய்வது என்று தாய்மார்களுக்குக் காட்ட எங்கள் தொண்டு நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. அன்று அரைக்கீரைக் கடைசல். அவர் வீட்டுக் குடத்தை வாங்கி, "மண்ணு போக மூணு தடவை அலசணும்" என்று தாராளமாக அலசினேன். ஒவ்வொரு தடவையும் என் கைக்குக் கீழே பேசின் வந்தது. வாசல் நனையக் கூடாது என்று வைக்கிறார் என நினைத்தேன்.

"வாரத்துக்கு ரெண்டு நாளாவது கீரை குடுங்க, சோம்பல்படாதீங்க" என்று கூடியிருந்த எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னேன்.

"சரிங்க மேடம்."

பேசிப் பேசித் தொண்டை வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்க மேடம், பக்கத்தூட்ல வாங்கியாறனுங்க."

"குடத்துல இல்லீங்களா?"

"அது கீரைக்கு ஆயிப்போச்சுங்க. தண்ணி லாரி நாளான்னிக்குத்தான் வருமுங்க."

குரலில் துளி வருத்தம் இல்லை. வாங்கி வந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்தபடி குடித்தேன். குடித்து முடிப்பதற்குள், "இன்னொரு டம்ளர் வாங்கியாறட்டுங்களா?" என்றார்.

சோம்பல் என்று நான் சொன்னதை மறந்துவிட்டவர் போலத்தான் கேட்டார். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.