பினாங்குக்கான ராகுகாலம்

முத்துவீரப்பனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மூடன் என்று தள்ளிவிடக்கூடிய மனிதராக இருந்திருந்தால் கோபத்துக்கு இடமில்லை. அவர் மூடர் இல்லை. தொல்லையே அதுதான்.

செட்டிநாட்டுக் குடும்பத்தில் பிறந்து, பினாங்குத் தெருவில் சிற்றப்பாவின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கு எழுதியிருக்க வேண்டியவர். வட்டித்தொழில் வேண்டாமென்று ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனார்; சர்வே ஆபீஸில் நிலப்படம் வரையும் வேலையில் சேர்ந்தார். அவருடைய உறவுக்காரர்கள் மனைவிமாரை ஊரில் விட்டுவிட்டு சில வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவந்த காலம் அது. இவர் கண்ணம்மையைக் கப்பலேற்றி அழைத்துவந்து டத்தோ கிராமாட் சாலையில் குடித்தனம் வைத்தார். பெண்பிள்ளை கடல் தாண்டினால் ஆகாது என்ற மாமனாரிடம், "ஆம்பளைக்கு மட்டும் எப்படி ஆகுது?" என்று கேட்டாராம். பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்பார். நான் அவரோடு பழகியதே இந்தக் குணத்துக்காகத்தான்.

சாயங்காலங்களில் அப்துல் ரஹீமின் கோப்பிக்கடையில் உட்காருவோம். 1928-இல் ஒரு நாள், பக்கத்துத் துணிக்கடைக்காரர் அடைக்கப்பன் ராகுகாலம் முடியட்டும் என்று பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சரக்கு வண்டி தெருவை அடைத்து நின்றது. வண்டிக்காரன் மலாயில் திட்டினான். அப்துல் ரஹீம் கோப்பியை ஆற்றிக்கொண்டே தம் மலாய் 'லா'வோடு சொன்னார்:

"உங்க ராகு கப்பல்ல வந்தவரு, அண்ணே. பினாங்கு மணிக்கு இன்னும் பழகல லா."

நாங்கள் சிரித்தோம். முத்துவீரப்பன் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். "ரஹீமண்ணே, நீங்க சொன்னது நெசம். அந்த ராகுகால மணியெல்லாம் ஆறு மணிக்குச் சூரியன் உதிக்குதுன்னு வச்சுப் போட்டது. இங்க ஆறு மணிக்கு இருட்டாவுல்ல இருக்கு!"

அடுத்த வாரம் எங்கள் ஊர்த் தமிழர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றியே பேசினார். தீர்க்கரேகையைப் படம் போட்டுக் காட்டினார். பினாங்கில் அரசாங்க மணிக்கும் சூரியனுக்கும் ஏறத்தாழ இருபது நிமிட வித்தியாசம். ஆகவே திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் வீட்டில் முடங்கிக் கிடப்பது ராகுகாலமே இல்லை. தவறான நேரத்தில் இத்தனை வருஷம் கடை திறந்து யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றும் இல்லையென்றால் இதில் என்ன இருக்கிறது? நல்ல வாதம். நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் உருப்படியானவை சில. அது அவற்றில் ஒன்று.

அடைக்கப்பன் எழுந்தார். சண்டைக்குத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கண்ணத் தொறந்துட்டீங்க. போன வருசம் யாவாரம் ஏன் படுத்துச்சுன்னு இப்பத்தான் வெளங்குது. சரியான நேரத்த நீங்களே போட்டுக் குடுத்துருங்க."

கூடம் முழுவதும் கைதட்டிற்று. முத்துவீரப்பன் மேடையில் நின்று விழித்தார். ஏச்சு வாங்கத் தயாராகப் போனவருக்கு அதுவரை யாரும் தராத மரியாதை கிடைத்தது. மறுவாரம் சர்வே ஆபீஸ் மையில், கோடு கோடாக, அழகான பட்டியல் ஒன்று போட்டுக் கொடுத்தார்: பினாங்குக்கான ராகுகாலம், எல்லா நேரமும் இருபது நிமிடம் தள்ளி.

"நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"நம்புறதா? சே. அவுக பாக்கத்தான் போறாக. பாக்குறதச் சரியாப் பாக்கட்டுமே."

அறிவு வந்தால் மூடநம்பிக்கை ஓடிவிடும் என்று புத்தகங்களில் படித்து நானும் நம்பியிருந்தேன். இவரிடம் வந்த அறிவு, அதற்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தது.

அந்த நவம்பரில் கண்ணம்மைக்கு இடது கண்ணில் வலி கண்டது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில்லாகத் தெரிந்தது, தலை பிளந்தது, வாந்தி. டாக்டருக்கு அடுத்தபடியான ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, உடனே அறுக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார். கண் டாக்டர் சிங்கப்பூரிலிருந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அதிர்ஷ்டவசமாக அவர் வரும் நாள் மறுநாளே, திங்கட்கிழமை. எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள். ஒன்பதேகாலுக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. பகல் ரயிலைப் பிடிக்க டாக்டர் கிளம்பிவிடுவார்.

அன்று நான் ஈப்போவில் இருந்தேன். நடந்ததைக் கணவனும் மனைவியும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

சொல்லிவைத்த ரிக்‌ஷா தாமதமாக வந்தது. வாசலில் வந்து நின்றபோது ஏழு ஐம்பதைத் தாண்டிவிட்டது. முத்துவீரப்பனின் பட்டியல்படி அப்போதுதான் ராகுகாலம் தொடங்கியிருந்தது. கண்ணம்மை ஈரத்துணியைக் கண்ணில் அழுத்திக்கொண்டு படியிறங்கினாள்.

"செத்த இரு" என்றார் அவர்.

"எதுக்கு?"

"ஒம்பது இருபது வரைக்கும்."

"ராகுகாலமா? நீங்களா சொல்றீக? கண்ணு தெறிச்சு விழுறவளுக்கு ராகு என்ன, கேது என்ன? ஏறுங்க வண்டியில."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, கண்ணம்மை. ஆனா பட்டியல் போட்டவனே மீறிப் போயி, உள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அறுக்கப்போறது கண்ண. ஒரு மணி நேரத்துல என்ன வந்துறப்போவுது? டாக்டரு அங்கதான இருப்பாரு. கால் மணி பிந்துனா சேத்துக்க மாட்டாகளா?"

"கடல் தாண்டுனப்ப எங்கப்பச்சியச் சிரிச்சீகளே!"

"அது வேற."

கண்ணம்மை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பணம் இவர் கையில், வழி இவருக்குத் தெரியும், மலாயும் இங்கிலீஷும் இவர் வாயில். சீன ரிக்‌ஷாக்காரன் காத்திருந்து அலுத்து வேறு சவாரி தேடிப் போய்விட்டான். ஒன்பது இருபதுக்கு வேறொரு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. டாக்டர் அறுவை அறைக்குள் போய்விட்டார். சொட்டுமருந்து கொடுத்து, அடுத்த மாதம் வரும்படி சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் இடது கண்ணின் வெளிச்சம் போய்விட்டது.

ஈப்போவிலிருந்து வந்ததும் பார்க்கப் போனேன். மேசை நிறையக் காகிதம். அழுது சிவந்த கண்களோடு எழுதிக்கொண்டிருந்தார்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

ஒரு கணம் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"சூரியன் வருசம் பூரா ஒரே மாதிரி நடக்குறதில்ல. நவம்பர்ல கடிகாரத்தவிடக் கால் மணி முந்திரும். நான் சராசரியில போட்டுட்டேன். சரியாப் போட்டிருந்தா அன்னைக்கி ராகுகாலம் ஒம்பது அஞ்சுக்கே முடிஞ்சிருக்கும். உடனே கெளம்புனா ஒம்பதேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருப்போம்."

"எட்டு மணிக்கே போயிருக்கலாமே!"

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு ஏதோ விஷயம் பேசுகிறேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு குனிந்து டிசம்பர் மாதத்துக்குக் கோடு போட்டார். நான் கோப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மனைவியின் கண்ணைத் தன் கையாலேயே பறித்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, கால் மணி நேரக் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொள்வது ஒரு மனிதனுக்குச் சுலபம். அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் பொறுக்கவில்லை.

வலது கண்ணிலும் அதே நோய் தொடங்கியிருக்கிறது, அடுத்த முறை டாக்டர் வரும்போது அதையாவது அறுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டிசம்பரிலும் அது திங்கட்கிழமையாகவே வந்தது. அதற்கு முதல் நாள் கண்ணம்மை என் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள்: "அண்ணே, நாளைக்கி வெள்ளன ஒரு வண்டியோட வந்துருங்க. அவுகளுக்குச் சொல்ல வேணாம்."

விடிந்ததும் வண்டி பிடித்துப் போய்ச் சேர ஏழரை ஆகிவிட்டது. முத்துவீரப்பன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கண்ணம்மை சுவரைத் தடவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அவர் வாயில் நுரையோடு ஓடிவந்து "இரு, இரு, மணி பாத்துக்கிறேன்" என்று கத்தினார். "பாத்துட்டு மெதுவா வாங்க" என்றாள். வண்டி திரும்பிவிட்டது.

அறுவை நடந்தது. வலது கண் பிழைத்தது.

ஒரு வாரம் கழித்து அப்துல் ரஹீமின் கடையில் முத்துவீரப்பன் அடைக்கப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புதுப் பட்டியல்படி அன்னைக்கி ராகு ஏழே முக்காலுக்குத்தான். அவ ஏழரைக்கே படி தாண்டிட்டா. கண்ணு பொழைச்சுதா இல்லையா?"

"அதான பாத்தேன்" என்றார் அடைக்கப்பன்.

அப்துல் ரஹீம் என்னைப் பார்த்தார். "கேட்டீங்களாண்ணே? ராகு பினாங்கு மணிக்குப் பழகிட்டாரு லா." இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராக முத்துவீரப்பன் வீட்டுக்குப் போய்க் கண்ணம்மையிடம் கேட்டேன். மணி பார்த்துத்தான் கிளம்பினாயா? கட்டுப் போட்ட கண்ணோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கடிகாரம் எங்க இருக்குன்னே அன்னைக்கித் தெரியலயேண்ணே. ஒத்தக் கண்ணு, அதுலயும் பொகை. எப்படி மணி பாக்குறது?"

அதை அவரிடம் சொன்னேன். "அவ பாக்காட்டி என்ன? நேரம் நேரந்தானே" என்றார்.

மாதவாரியான புதுப் பட்டியல் இப்போது அடைக்கப்பனின் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எங்காவது பிழை இருக்காதா என்ற ஆசையில் முழுதும் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.