ஒரே தார்ப்பாயில் காய்ந்த நெல்

பிள்ளைகளே, ஊரடங்கு போட்ட வாரம் உங்கள் அத்தை பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்துவிட்டுக் கீழ்வேளூரில் வந்து இறங்கியபோது, துணிப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஓர் அட்டைப்பெட்டியை மட்டும் மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே எண் எழுதிய காகித உறைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகமாக ஒரு பிடி நெல். உப்புத் தண்ணீரைத் தாங்கி விளையும் நெல் எது என்று நான்கு வருடமாக அவள் செய்த ஆராய்ச்சி அது. "கட்டிக்கிட்டுப் போற வீட்டுக்கும் இதைத்தான் சீரா எடுத்துட்டுப் போவியா?" என்று உங்கள் அம்மா கேலி செய்வாள். "ஆமா அண்ணி, மாப்பிள்ளை ஓடிட்டா இதை விதைச்சுப் பொழைச்சுக்குவேன்" என்பாள். அப்போது சிரித்தாள்.

மாதங்கள் போயின, பல்கலைக்கழகம் திறக்கவில்லை. அங்கே தொட்டிகளில் நின்ற பயிர் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கருகிவிட்டது என்று பேராசிரியர் போனில் சொன்ன நாளிலிருந்து பகலிலும் படுத்தே கிடந்தாள். தட்டில் சோறு காயும். "படிச்ச பொண்ணு இப்படிக் கெடக்கலாமா? ஜெபம் பண்ணிட்டு எழுந்து நாலு வேலையப் பாரும்மா" என்றேன். நான் பத்தாவதுதான். உடம்புக்கு வருவதுபோல மனசுக்கும் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அந்தப் பெட்டி நனைந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விதைநெல்லில் ஈரம் பட்டால் முளைத்துவிடும். வெயில் கண்டதும் காயப்போட வேண்டும். கை பழகிய வேலை. உறைகளை எல்லாம் பிரித்து, ஒரே தார்ப்பாயில் கொட்டி, நன்றாகத் துழாவிவிட்டு, நல்லது செய்த திருப்தியோடு அவளை எழுப்பினேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாவா கொட்டினீங்க, அண்ணே?"

"எல்லாம் நெல்லுதானேம்மா?"

குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்த்தாள், பொழுது சாயும்வரை.

அதன் பிறகு அவள் படிக்கவில்லை. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. "சாப்பிட்டீங்களா அண்ணே" என்பதற்கு மேல் என்னிடம் பேச்சு இல்லை.

அவளுடைய சான்றிதழ்களை வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நான்தான் போனேன். பேராசிரியர் அவள் எழுதிய கடிதத்தைக் காட்டினார். தன் கவனக்குறைவால் விதைகள் கலந்துவிட்டன என்று எழுதியிருந்தாள். "கெட்டிக்காரப் பொண்ணு. இவ்வளவு அலட்சியமா இருப்பான்னு நான் நினைக்கலைங்க" என்றார்.

கொட்டிக் கலந்தது நான்தான் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.