கேஸ்கெட்டும் முட்டிப்பட்டையும்

அடிவாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற அன்றுதான் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பேச்சு நின்றுபோனது. அதுவரை நானும் பக்கத்து வீட்டு பஸ் டிரைவரும் ஒரே ஆப்பில், ஒரே கணக்கில் சேர்ந்து சாமான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதுவதும், பறித்த பழத்தை எடை பார்த்துக் குறிப்பதும் என் வேலை. டிரைவர் கரடியூர்க்காரர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே அவர் தும்மினால் இங்கிருந்து என் மனைவி ‘நூறு’ என்பாள்.

ஆரம்பத்தில் அந்த ஆப்பில் எதை வாங்கினாலும் வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரே ஒரு பேனா ரீஃபில்கூட வாங்கியிருக்கிறேன். பிறகு நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வாங்கினால்தான் இலவசம் என்றார்கள். அது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனது. நாற்பது ரூபாய் டெலிவரிக் கட்டணம் கொடுக்க மனசு வராமல், நூறு ரூபாய்க்கு வேண்டாத பொருளை வாங்குகிற ஆள் நான். அப்படிச் சேர்ந்த நகவெட்டிகள் மட்டும் எங்கள் வீட்டில் ஆறு. நானும் மனைவியும் மகளும் மூன்று பேர், அறுபது நகம். தலைக்கு இரண்டு நகவெட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மனைவி கேட்டாள்.

எல்லை நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியபோதுதான் டிரைவரும் நானும் கூட்டுச் சேர்ந்தோம். என் கணக்கை அவர் மனைவியின் போனிலும் திறந்து வைத்தோம். இந்த வீட்டுக்கு ஒரு டார்ச், அந்த வீட்டுக்கு ஒரு வடிகட்டி என்று இருவரும் ஒரே கார்ட்டில் போடுவோம். தொகை எட்டியதும் யாராவது ஒருவர் ஆர்டர் பொத்தானை அமுக்குவோம். சாமான் வரும்போது அமுக்கியவர் காசு கொடுப்பார், பிறகு பிரித்துக்கொள்வோம். ஒரு வருஷம் பிரச்சினையில்லாமல் ஓடியது.

பிறகு அந்த நாற்காலிகள் வந்தன. சேலத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். மைத்துனன் பைக்கில் அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். மண்டை வெடிக்கிற வெயில். இரண்டு நாற்காலிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஸ்டாப்புக்குப் பத்தடி தள்ளி டீக்கடை ஓரமாக நின்றேன். டிரைவருடைய பஸ் வந்தது. கை காட்டினேன். பஸ் என்னைத் தாண்டிப் போய் முதல் கொண்டைஊசி வளைவில் மறைந்தது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அன்று சாயங்காலம் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

“எட்டுக் காலு மேல பாத்து நிக்குதுங்க. அதுக்குக் கீழ இருக்கறது நீங்கதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? மலைப்பாதையில நாற்காலிக்கெல்லாம் வண்டி நிறுத்த முடியாதுங்க.”

இரண்டு மனைவிமார் முன்னால் இதைச் சொன்னார். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்ததுதான் எனக்குக் கூடுதல் வலி. அன்றோடு நான் டிரைவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். தும்மலுக்கு ‘நூறு’ சொல்வதையும் தடை செய்தேன்.

இரண்டு வாரத்தில் எங்கள் குக்கரின் கேஸ்கெட் போய்விட்டது. பழைய மாடல். ஏற்காடு பஜாரில் அந்த அளவு இல்லை. சேலத்தில் கிடைக்கும், ஆனால் நான் எந்த நேரத்துக்குக் கிளம்பினாலும் அந்த மனிதர் ஓட்டுகிற பஸ்தான் வந்து நிற்கும். அதனால் ஆப்பில் தேடிப் பிடித்துக் கார்ட்டில் போட்டேன். நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். தனியாக வாங்கினால் டெலிவரிக் கட்டணம் உண்டு. அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் எஸ்டேட் ஆபீசில் போனைத் திறந்தால், என் கேஸ்கெட்டுக்குக் கீழே முட்டிக்கு மாட்டுகிற எலாஸ்டிக் பட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. இருநூற்று அறுபது. எனக்கு உடனே புரிந்தது. ஏற இருபது கொண்டைஊசி, இறங்க இருபது. கிளட்ச் மிதித்து மிதித்து அவருக்கு இடது முட்டி போயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் தொண்ணூறு ரூபாய் குறைந்தது. அது ஒரு பொருட்டில்லை. யார் அமுக்குகிறாரோ அவர் மற்றவரிடம் போய்ப் பங்குக் காசு கேட்க வேண்டும். அதாவது முதலில் பேச வேண்டும். அதற்காகவே அவர் அமுக்கவில்லை, நானும் அமுக்கவில்லை.

ஒரு வாரம் போனது. மலைக்குளிரில் அவரைக்கொட்டையும் பருப்பும் திறந்த சட்டியில் வேகவே மாட்டேன் என்றன. காலையில் அடுப்பில் ஏற்றியதை மத்தியானம் கடித்துச் சாப்பிட்டோம். “உங்க கோவம் தணியறதுக்கு முன்னாடி பருப்பு வெந்துருமாட்ட இருக்குதுங்க,” என்றாள் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் உட்காரும்போதும் எழும்போதும் ‘அம்மா’ என்பது கேட்டது.

தொகையை எட்ட வைப்போம் என்று ஒரு சீப்பு செட்டைக் கார்ட்டில் போட்டேன். சத்தியமாக நான் வேறெதையும் நினைக்கவில்லை. டிரைவருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது என்பது போட்ட பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் பார்த்தால் சீப்பு அங்கேயே இருக்க, அதன் கீழே ஓர் அலாரம் கடிகாரம் வந்திருந்தது. ஸ்டாப்புக்கு நேரத்துக்கு வந்து ஒழுங்காக நில் என்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கட்டும் என்று, கண்ணாடி துடைக்கும் துணி ஒரு பாக்கெட் போட்டேன். மறுநாள் காலை அதன் கீழே நாற்காலிக் கால்களுக்கு மாட்டும் ரப்பர் மூடி வந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டு.

ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பழம் எடை போட வந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். கணக்கில் ஏதோ தப்பு என்று சமாளித்தேன். சிரித்தேனே தவிரக் கோபம் போகவில்லை. குழந்தைகள் விளையாடும் பைனாகுலர் ஒன்றைத் தேடிப் போட்டேன். அடுத்த தடவை இதை வைத்துப் பார்த்து ஓட்டட்டும் என்று நினைத்தேன். தொகை எப்போதோ எல்லையைத் தாண்டியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அதைக் கவனித்தவர் டிரைவரின் மனைவி. நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

“ஏனுங்கண்ணா, பச்சை எழுத்துல இலவசம்னு போட்டிருந்துச்சுங்க. ஊட்டுல இவரு முட்டி புராணம் நொம்பத் தாங்கலீங்க. அமுக்கிட்டேனுங்க.”

“எல்லாத்தையுமா?” என்றேன்.

“எதையெடுத்து எதை உடறதுன்னு எனக்குத் தெரியலீங்களே.”

நான்காம் நாள் நல்ல மூடுபனி. எங்கள் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை நிற்கும் என்ற பயத்தில் டெலிவரிக்காரர் உள்ளே வரமாட்டார். ஏரி முக்கில் நின்றுகொண்டு போன் செய்வார். நான் முதலில் எடுக்கவில்லை என்பதால் கணக்கிலிருந்த இரண்டாவது நம்பரான டிரைவருடையதற்கும் போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். ரெண்டு பேரில் யார் சார் காசு தருவது என்று டெலிவரிக்காரர் கேட்டார். நான் டிரைவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற அந்த மனிதர், குப்பனூர் ரோட்டில் இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்று பாவமாகச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் பையில் கைவிட்டோம். பாதி பாதியாகக் கொடுத்தோம்.

அங்கேயே, ஏரிக்கரைக் கட்டைச்சுவரில் வைத்துப் பெட்டியைப் பிரித்தோம். கேஸ்கெட்டை நான் எடுத்தேன். பட்டையை அவர் எடுத்தார். மீதியை யார் எடுப்பதென்று தெரியவில்லை. சீப்பும் கடிகாரமும் துணியும் எட்டு ரப்பர் மூடியும் பைனாகுலரும் சுவர்மேல் வரிசையாக இருந்தன. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று, கடிகாரம் என்ன விலை என்று கேட்டது. விற்பனைக்கு இல்லை என்று டிரைவர் சொன்னார்.

வலி பொறுக்காமல் அவர் பேண்ட்டுக்கு மேலேயே பட்டையை மாட்டப் பார்த்தார். ஒற்றைக் காலில் தடுமாறினார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு பேசாமலிருப்பது அசிங்கமாக இருந்தது. அவர்தான் தொடங்கினார், முகத்தைப் பார்க்காமல்.

“அன்னைக்கு உங்களப் பாத்தேனுங்க, ரைட்டரே.”

“என்னது?”

“நீங்கதான்னு நல்லாவே தெரிஞ்சுதுங்க. எட்டுக் காலையும் தலையில வெச்சுக்கிட்டுக் கையக் காட்டுனீங்களா, எனக்கு வந்த சிரிப்புல கண்ணெல்லாம் தண்ணி. பிரேக்குக்குக் காலு போகலீங்க. அஞ்சாவது வளைவு வரைக்கும் சிரிப்பு நிக்கலீங்க. அதை எப்படிங்க வந்து சொல்றது?”

தோளை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் ஏரியில் விழுவார். பிடித்தபடியே நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பட்டை எப்படியோ மேலே ஏறியது. ஆனால் அளவு சின்னது. பத்து நிமிஷத்தில் கால் மரத்துவிட்டது என்று கழற்றினார். அதை இப்போது அவர் மனைவி முழங்கையில் போட்டுக்கொண்டு மாவாட்டுகிறார். கேஸ்கெட் கச்சிதமாகப் பொருந்தியது.

மறு மாதமே எல்லை ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. இரண்டு வீடு போதாதென்று, வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹாஸ்டல் வார்டனம்மாவைச் சேர்த்துக்கொண்டோம். கண்டிப்பானவர். வேண்டாத சாமான் எதையும் கார்ட்டில் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போட வேண்டிய தேவையும் இல்லை. அவரிடம் ஒரு கிழட்டு லாப்ரடார் இருக்கிறது. அதன் தீனி மூட்டை ஒன்றே எல்லையைத் தாண்டிவிடும். எங்கள் சோப்பும் ஸ்குரூவும் பின்னாலேயே இலவசமாக மலையேறி வந்தன.

போன மாதம் நாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூட்டை அப்படியே இருந்தது. எங்கள் கார்ட்டில் மிக்சி ஜாருக்கு ஒரு மூடியும் டிரைவருக்குப் பெரிய அளவில் ஒரு பட்டையும் காத்துக் கிடந்தன. இருவரும் சாயங்காலம் விசாரிக்கப் போனோம். மறுநாளும் போனோம். டிரைவர் பால் பிஸ்கட் வாங்கி வந்து, “சாமி, ஒரு வாய் தின்னு கண்ணு,” என்று அதன் எதிரே குந்த முடியாமல் குந்தினார். நாய் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வார்டனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெத்த பிள்ளைங்ககூட போன்ல விசாரிக்கல தம்பி, நீங்க ரெண்டு பேரும் தினம் வர்றீங்க,” என்று எங்களை உட்கார வைத்து, முந்திரி கேக்கும் காப்பியும் தந்தார். நான் டிரைவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை. கேக் நன்றாக இருந்தது. ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம். நாய் தின்று மூட்டை தீர்ந்தால்தான் எங்கள் கார்ட் நகரும் என்ற உண்மையைச் சொல்லும் தைரியம் இருவருக்குமே வரவில்லை.

நான்காம் நாள் நாய் தானாக எழுந்து ஒரு கிண்ணம் காலி செய்ததாக வார்டனம்மா போன் செய்தார். கடவுளுக்கு நன்றி என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.