பூஜையில் வைத்த மடிக்கணினி

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவிக்கு மவுஸ் என்றாலே ஆகாது. மவுஸைப் பிடித்து வேலை செய்கிறவர்களை அவர் இரண்டாம் தரத்தில் வைத்திருந்தார். பொதுத் தரவுதளங்களில் உலகத்து உயிர்களின் ஜீனோம்கள், அதாவது முழு மரபணுத் தொகுப்புகள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடக்கின்றன. எடுப்பதற்கு அழகான இணையப் பக்கமும் பெரிய பொத்தானும் உண்டு. எங்களுக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து, அதற்கென்றே உள்ள ஒரு கருவியை ஏவித்தான் இறக்க வேண்டும்.

கருவியைக் குறை சொல்லமாட்டேன். உயிரின் பெயரைச் சொன்னால் போதும். முதலில் ஈரமெல்லாம் உறிஞ்சப்பட்ட ஒரு சின்னப் பொதியைத் தரும். அதில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும் இருக்கும். இரண்டாவது கட்டளை கொடுத்தால் அந்த விலாசங்களுக்குப் போய் உண்மையான சரக்கைக் கொண்டுவந்து நிரப்பும். வத்தலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான். பாதியில் இணைப்பு அறுந்தாலும் பாதகமில்லை, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் யாராவது கொடுக்க வேண்டும். என் கதை அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது.

டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் மரத்தின் அடித்தண்டை அழுகவைக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. அதை அதன் சொந்தக்காரப் பூஞ்சைகளோடு ஒப்பிட்டு, யாருக்கு யார் உறவு என்று ஒரு வம்ச மரம் வரைவது என் வேலை. திங்கட்கிழமை காலை நிதிக்குழு கூடுகிறது, படம் அங்கே இருந்தாக வேண்டும் என்றார் தலைவி. படம் இல்லாவிட்டால் நிதி இல்லை, நிதி இல்லாவிட்டால் என் ஒப்பந்தம் வருடக் கடைசியோடு சரி. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

கூடத்தின் பெரிய கணினியைப் பராமரிப்புக்காக அந்த வார இறுதியில்தான் அணைத்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கிள்ளானில் எங்கள் வீட்டில் இருந்தபடி என் மடிக்கணினியிலேயே இறக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜை.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் புத்தகமும் தொழில் சாமானும் சாமி முன்னால் போய்விடும். மறுநாள் விடிந்து மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கற்றது கைவிட்டுப் போய்விடும். நான் பழைய பள்ளிப் பாடநூல் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினேன். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுல சம்பாதிக்கிறியோ அதைக் கொண்டாந்து வையி."

"மா, அது டவுன்லோட் ஆயிக்கிட்டு இருக்கு. நாளைக்கு மீட்டிங்."

"ஆவட்டும். லீவு உனக்குத்தானே, அதுக்கா? அது பாட்டுக்கு ஓடட்டும்."

தர்க்கத்தில் ஓட்டை கிடைக்கவில்லை. தூங்கிவிடாதபடி கணினியை அமைத்து, மூடியைத் திறந்தபடியே வைத்தேன். அம்மா கேமராவுக்கு நேர் மேலே சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார், இரு பக்கமும் மல்லிகைச் சரம் போட்டார். நடுவே கறுப்புத் திரையில் பூஞ்சைகளின் ஜீனோம்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. விடிந்ததும் எடுத்தால் படம் வரைய இரண்டு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணன் லோரி ஓட்டுகிறவர். லோரிச் சாவியைப் பயபக்தியோடு தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சட்டைப் பையில் இருந்த இன்னொரு சாவியோடு வாசலுக்குப் போனார்.

"அண்ணே, இது நியாயமா?"

"லோரிக்கு ரெண்டு சாவி இருக்கு லா. உன் லேப்டாப்புக்கு ஒண்ணுதான்னா நான் என்ன பண்றது?"

மத்தியானம் கிள்ளானுக்கே உரிய மழை இடியோடு வந்தது. இணையம் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. கருவி மட்டும் வரவில்லை. இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றது. பாதி ஜீனோம்கள்கூட வந்து சேரவில்லை. விடியும்வரை அது அப்படியே நின்றால் திங்கட்கிழமை என் கையில் ஒன்றும் இருக்காது. தேவைப்பட்டதெல்லாம் இரண்டு பொத்தான்கள்: பழைய கட்டளையைத் திரும்ப எடுக்க மேல் அம்பு, அப்புறம் என்டர்.

அம்மா சுண்டல் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். பார்க்க யாருமில்லை, கேட்கவும் யாருமில்லை. சாமி முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். கை பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது.

உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிக் கிளைத்தன என்று படம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நம்பிக்கை இல்லை, பயம் மட்டும் இருந்தது. இத்தனை வருடம் உருப்போட்டு, கடன் வாங்கிப் படித்து, தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த படிப்பு ஒரு விரல் பட்டுப் போய்விட்டால்? அபத்தம் என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். கை அசையவில்லை. வேலை போனால் போகட்டும், படிப்பு போகக்கூடாது என்று தோன்றியது. அந்த நினைப்பே அவமானமாக இருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை.

வேலை போகவில்லை. அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அது தப்பியதற்கான புகழை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

அம்மா திரும்பி வந்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்டார், சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த பட்டன்டி?"

"மேல பார்த்து அம்பு போட்டிருக்கே, அது ஒரு தடவை. அப்புறம் வலது பக்கம் அந்தப் பெரிசு. ஆனா வேணாம் மா, நீங்களும் தொடக்கூடாதுதானே?"

அம்மா அம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு முறை அழுத்தினார். பழைய கட்டளை திரையில் வந்தது. பெரிய பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தொட்டா படிப்பு போயிரும். நான் எஸ்டேட் ஸ்கூல்ல மூணாவதோட நின்னவ. என்கிட்டேருந்து எதை எடுத்துக்கிட்டுப் போவா அவ?"

அழுத்தினார். திரையில் வரிகள் மறுபடியும் ஓடத் தொடங்கின. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.