வராதவர்களைத் தேடிப்போன செல்லம்மா மதினி

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மகன் போனில், "அத்தை, அம்மா போயிட்டாக" என்றான். அரிசிப் பையை யாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

செல்லம்மா மதினியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் மகளிர் சங்கத்தை இத்தனை வருஷம் நடத்தியவர். அவரைப் பற்றிச் சங்க மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனாலும் மதுரையில் நர்ஸாக இருக்கும் என் பேத்திக்கு இன்றும் கைப்படக் கடிதம் எழுதுகிறவள் நான். இதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்பது முடிவில் தெரியும்.

வெள்ளிதோறும் நம் ஊருக்கு மருந்து வண்டி வருகிறதல்லவா, சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்க? அது எப்படி நடக்கிறது என்று கேட்டறிய, வண்டியை அனுப்பும் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுகிற முகம் என்று மூன்று வகை அட்டைகள். மனசில் உள்ளபடி ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் சிரித்த முகத்தையே போட்டோம். பக்கத்து ஊருக்கு வைத்திருந்த சிரித்த முகங்களும் தீர்ந்துபோயின. வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

மதினிதான் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்திட்டு வந்த பொம்பளைககிட்ட அழுகுற மூஞ்சிய நீட்டுனா, எவ தொடுவா?"

அவர்கள் திகைத்து, "அப்ப எப்படிம்மா கேக்குறது?" என்றார்கள்.

"நீக கேக்க வேணாம். நாங்களே கேக்குறோம். என்ன கேக்கணுங்கிறதையும் நாங்களே முடிவு பண்ணிக்கிறோம். ஒரு மாசம் கழிச்சு வாங்க, சொல்றோம்."

அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மதினி வைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வண்டிக்கு வராதது யார், ஏன் வரவில்லை? எனக்கு எரிச்சல். வந்தவர்களை விட்டுவிட்டு வராதவர்களை எதற்குத் தேட வேண்டும் என்றேன். "வந்தவளைக் கேட்டா வண்டியப் பத்திச் சொல்லுவா. வராதவளைக் கேட்டாத்தான் நம்ம ஊரப் பத்திச் சொல்லுவா" என்றார்.

அப்படித்தான் கீழத்தெருவில் காளியம்மாள் வீட்டுக்குப் போனோம். சர்க்கரைப் புண்ணால் கால்விரல் இரண்டை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள். "உள்ளூர்லயே வண்டி வருதே, ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"வண்டி எங்குட்டு நிக்கிதுன்னு பாத்தீகளா?" என்றாள்.

கோவில் வாசலில் நிற்கிறது. அங்கே கீழத்தெருக்காரர்கள் வந்து நிற்பதில்லை. யாரும் தடுப்பதில்லை என்று நாம் சொல்லிக்கொள்வோம். வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. மதினி அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். நான் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். மதினி எழுந்து, "வண்டி நிக்கிற எடத்தை மாத்தணும். கீழத்தெரு ஆளுக அங்க வர முடியலை" என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் எழுந்துவிட்டேன். வெளியூர்க்காரர்கள் முன்னால் ஊர் மானம் போகிறதே என்ற ஆத்திரம். "எங்க ஊர்ல அப்படியெல்லாம் பேதம் கெடையாது. பஸ்ல போறது அவுக இஷ்டம்" என்றேன். பெண்கள் கை தட்டினார்கள். வந்தவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். வண்டி இன்றும் கோவில் வாசலில்தான் நிற்கிறது.

திரும்பும் வழியில் மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசி ஆறியிருப்பேன். "நீ பொய் சொல்லலை மீனாட்சி. ஒன் கண்ணுக்கு எட்டுனது அம்புட்டுத்தான்" என்றார். எட்டாமல் இல்லை மதினி. காளியம்மாளின் காலை உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே நான். இதை அவரிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் முடிந்துபோனது.

அடுத்த மாதம் அறக்கட்டளைக்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள். மதினி இடத்தில் என்னைப் பேசச் சொல்கிறீர்கள். போன வாரம் காளியம்மாள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். "கூட்டத்துக்கு வா, நீயே சொல்லு" என்றேன்.

"நான் சொல்லுறது இருக்கட்டும். நீக அன்னிக்குச் சொன்னத மாத்திச் சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

"கூட்டத்தப் பாத்ததும் பேச்சு வேற மாதிரி வந்துருமே, ஒங்களுக்கு." அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. இருக்க நியாயமும் இல்லை.

மதினியின் சேலையை, பாத்திரத்தை எல்லாம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது, அன்று அவர் எழுந்து சொன்ன, நான் குறுக்கே விழுந்து அழித்த அந்தச் சொல்லை. என் வாயை நம்ப முடியாது என்பதால் அதை அச்சில் ஏறும்படி எழுதிவிடுகிறேன்: மருந்து வண்டி நிற்கும் இடத்துக்குக் கீழத்தெரு மக்களால் வர முடியவில்லை. வர முடியாதபடி வைத்திருப்பவர்கள் நாம். அன்று நான் சொன்னது பொய்.

மலர் கைக்கு வந்ததும் முதல் பிரதியைக் காளியம்மாளிடம் கொடுங்கள்.