இடப்பக்கம் எழுதிய பச்சைப் பூச்சி

வேளாண்மை அலுவலகப் பதிவேட்டில் அவர் பூச்சிக் கணக்கெடுப்பாளர், வயல்காரர்களுக்குத் தட்டுக்காரம்மா. வெயில் ஏறுமுன் வயலில் இறங்குவார். வெள்ளைத் தட்டை ஒரு கொத்துப் பயிரான நெற்குத்தின் அடியில் சாய்த்துப் பிடித்து, குத்தை நான்கு முறை தட்டுவார். விழுந்தவற்றில் பயிரைக் கெடுப்பவை தாளின் இடப்பக்கம், காப்பவை வலப்பக்கம். இடப்பக்கம் குத்துக்கு இருபதைத் தாண்டினால் மருந்து அடிக்கச் சொல்வார். அடையாளம் காண அவரிடம் இருந்தது ஒரு படத்தாள். நகலின் நகல், நிறமே இல்லாதது.

அன்று அவர் நின்றது தம்பியின் இரண்டு ஏக்கரில். கதிர் பால் பிடிக்கும் நேரம். சாற்றை உறிஞ்சும் புகையான் பெருகினால் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். தம்பி தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றான்.

"எத்தனைக்கா?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப அடிச்சிடவா?"

"இருடா."

தட்டில் ஒரு பச்சைப் பூச்சி, பழுப்பு நிறப் புகையான் குஞ்சின்மேல் ஏறி ஊசிமூக்கை இறக்கியிருந்தது. பச்சையாய் இருப்பது புகையானின் வேறொரு பருவம் என்றே அவர் எண்ணியிருந்தார். படத்தாளில் இரண்டும் ஒரே கறுப்புப் பொட்டு. தன் இனத்தையே தின்னுமா? லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். குஞ்சு சக்கையாகிக்கொண்டிருந்தது. பச்சையைத் தனியே எண்ணினார்: இருபத்திரண்டு. மிச்சம் ஒன்பது. அடுத்த மூன்று குத்துகளிலும் அதே கதை. பச்சை பயிருக்குக் காவல் என்றால், மருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து சாகும். ஒருவேளை பச்சையும் பயிரை உறிஞ்சுமோ? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னக்கா, பரீட்சைக்குப் படிக்காம வந்த மாதிரி முழிக்கிறே?"

"இது நல்லதா கெட்டதான்னே தெரியலைடா."

"உனக்கே தெரியலைன்னா நான் யார்கிட்ட கேக்குறது? அந்தப் பூச்சிகிட்டயா?"

"அஞ்சு நாள் பொறு. பயிர் போச்சுன்னா என்னைத் திட்டிக்கோ."

"திட்டினா நெல்லு வெளையுமா?" என்றான், ஆனாலும் தெளிப்பானை இறக்கிவைத்தான்.

ஐந்து நாளும் அவர் விடிந்ததும் வந்து எண்ணினார். எண்ணிக்கை ஒருநாள் ஏறியது, மறுநாள் இறங்கியது, ஒன்றும் பிடிபடவில்லை. ஆறாம் நாள் புகையான் குத்துக்கு நான்கு. பயிர் பச்சைப்பசேலென்று நின்றது.

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க்கா, போன வருஷம் நீ சொல்லி அடிச்சதுக்கு அப்புறந்தானே வயலே கருகுச்சு? அப்ப அதுக்கு முந்தின வருஷங்கள்ல?"

அவர் அலுவலகத்துக்குப் போய் அலமாரியைத் திறந்து, தம் கையெழுத்துத் தாள்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டினார். பச்சை எங்கும் தனியாக இல்லை. எல்லாம் புகையானோடு சேர்ந்து இடப்பக்கத்திலேயே இருந்தது.

பதினோரு ஆண்டுகள்.